பொம்மனஹள்ளி ஸ்டாப் இல்லாத சிப்

பெங்களூரில் ஹெல்மெட் இல்லாமல் போய் போலீஸிடமிருந்து தப்பியவர்கள் உண்டு. டிக்கெட் எடுக்காமல் மெஜஸ்டிக் பஸ் நிலையம் வரை போய் இறங்கியவர்களும் உண்டு. ஆனால் எங்கள் ஆய்வகத்து எர்த் அண்ணனைத் தாண்டி, கதவோரம் இருக்கும் பித்தளை போல்ட்டைத் தொடாமல் உள்ளே போனவர் என்று ஒரு ஆத்மா கிடையாது. இயக்குநர் தொட்டார். இயக்குநரின் மாமியார் தொட்டார். ஒருமுறை வழிதவறி மாடியேறி வந்த கூரியர்காரர் போல்ட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இது எந்த சாமி என்று விசாரித்துவிட்டுப் போனார்.

எர்த் அண்ணனுக்கு ஒரு நிஜப் பெயர் இருந்திருக்க வேண்டும். சம்பளப் பட்டியலில் 'எலெக்ட்ரீஷியன், தற்காலிகம்' என்று போட்டிருந்தார்கள். அந்தத் தற்காலிகம் தொடங்கியபோது நான் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன்பு அடுகோடியில் மோட்டாருக்கு காயில் சுற்றும் கடையில் இருந்தாராம். நான் ஆறு வருஷம் அவரோடு ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தேன். பெயரைக் கேட்கத் தோன்றவே இல்லை. எல்லோருக்கும் அவர் எர்த் அண்ணன்.

அங்கே எங்களுக்கு என்ன வேலை என்பதை என் அம்மாவுக்கே நான் புரிய வைத்ததில்லை. உங்களுக்கு முயன்று பார்க்கிறேன். குறைகடத்தி என்று ஒரு வகைப் பொருள் உண்டு. மின்சாரத்தை விடலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து விடும். மீகடத்தி என்று இன்னொரு வகை. நன்றாகக் குளிரவைத்தால் தடையே இல்லாமல் மின்சாரத்தை ஓடவிடும். இந்த இரண்டுக்கும் கல்யாணம் செய்து வைப்பதுதான் எங்கள் தொழில். மாப்பிள்ளை, தலைமுடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு பருமனுள்ள குறைகடத்திக் கம்பி. பெண், அதன் மேல் படிந்த அலுமினியத் தோல். தம்பதியை ஒரு சிப்பின் மேல் குடிவைத்து, விண்வெளியைவிடக் குளிர்ந்த ஒரு ஃப்ரிட்ஜுக்குள் அனுப்பினால், ஒரே எலெக்ட்ரான் இரண்டு பாதியாகப் பிரிந்து கம்பியின் இந்த முனையில் ஒன்றும் அந்த முனையில் ஒன்றுமாக உட்கார்ந்தது போன்ற ஒரு விசேஷம் நடக்கும் என்று ஏட்டில் எழுதியிருக்கிறது. நடந்தால் அதை வைத்து எளிதில் கலைந்துபோகாத குவாண்டம் கணினி செய்யலாம்.

விசேஷம் நடந்ததற்கு அடையாளம், வரைபடத்தின் நட்டநடுவில் எழும்பும் ஒரு கூம்பு. ஒரு முனையில் மட்டும் கூம்பு எழும்பினால் அது பெரும்பாலும் ஏதோ அழுக்கு. இரண்டு முனையிலும் ஒரே மாதிரி எழும்ப வேண்டும். 'கண்டோம்' என்று உலகத்துக்கு அறிவித்துவிட்டு, பிறகு 'காணோம்' என்று மெல்லிய குரலில் திரும்பப் பெற்றவர்கள் உள்ள துறை இது. நானும் ஆறு வருஷமாக அந்தக் கூம்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

இந்தத் தம்பதிக்கு எமன் வெளியே இல்லை, நம் உடம்பிலேயே இருக்கிறான். நைலானும் ஸ்வெட்டரும் உரசி உடம்பில் சேரும் மின்சாரம் நமக்கு விரலில் சுருக்கென்று ஒரு கடியோடு போய்விடும். கம்பி மாப்பிள்ளை அதே கடியில் ஆவியாகிவிடுவார். ஆகவே போல்ட். அதைத் தொட்டால் உடம்பில் உள்ள மின்சாரம் ஒரு தாமிரப் பட்டை வழியாக இறங்கி, கட்டடத்துக்குப் பின்னால் உப்பும் கரியும் போட்டு மூடிய ஒரு குழிக்குள் போய் அடங்கும்.

நான் தருமபுரியிலிருந்து வந்து சேர்ந்த முதல் நாள் அண்ணன் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"மேடம் எந்த ஊரு?"

"தருமபுரி."

"துப்பட்டா இன்னா துணி?"

"ஜார்ஜெட்."

"ஜார்ஜெட்டு வெளிய. தருமபுரி உள்ள."

அன்றிலிருந்து நான் அவருக்கு தருமபுரி மேடம். இதே சட்டம் இயக்குநருக்கும் பொருந்தியது. வெளிநாட்டு விருந்தாளிகளோடு கோட்டு போட்டு வந்தவரிடம், "கோட்டு வெளிய, சார் உள்ள" என்றார். கோட்டு வராந்தா ஆணியில் ஒரு மணி நேரம் தொங்கியது. அந்த வழியாகப் போன காவலாளி அதற்கு இரண்டு முறை சல்யூட் அடித்ததாகக் கேள்வி.

குழிக்கு தினமும் காலையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவார். மண் காய்ந்தால் எர்த் வேலை செய்யாது என்பது அறிவியல். ஆனால் வளாகத்தில் தண்ணீருக்குப் பங்கு போட்ட அந்தக் கோடையில், பேராசிரியர்களே கை கழுவ யோசித்தபோது, அண்ணன் பொம்மனஹள்ளியில் உள்ள தன் வீட்டிலிருந்து இரண்டு பெரிய பாட்டில்களில் தண்ணீர் கொண்டுவர ஆரம்பித்தார். இரண்டு பஸ் மாறி வருகிறவர், மடியில் பாட்டில்களை வைத்துக்கொண்டு வருவார். வாசலில் காவலாளி மறித்து, குடிக்கவா என்று கன்னடத்தில் கேட்டிருக்கிறார். "நனகல்லப்பா, குழிகே" என்றாராம் அண்ணன். எனக்கில்லையப்பா, குழிக்கு.

குழி என்றதும் சமாதி, இறந்துபோன யாருக்கோ செய்கிறார் என்று நினைத்துக்கொண்ட அந்த நல்ல மனிதர், மறுநாள் முதல் குழி மூடியில் குங்குமம் வைத்து ஒரு செம்பருத்தியும் சாத்தத் தொடங்கினார். அறிவியல் கூடத்தில் இதென்ன என்று நான் கொதித்தேன்.

"வுடும்மா. பூ வச்சதுலேர்ந்து ரீடிங் கூட கொஞ்சம் நல்லாத்தான் கீது."

மீட்டரில் பார்த்தேன். நல்லாத்தான் இருந்தது. தண்ணீர் தாராளமாக ஊற்றியதால்தான் என்று அவரிடம் வாதாடினேன். அதற்கும் சரியென்றுதான் தலையாட்டினார்.

இப்படிச் சொல்வதால் அவரை ஒரு கோமாளி என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் கல்யாண வீட்டில் தாலி கட்டுகிற கை அவருடையது. சிப்பின் ஓரத்தில் சுற்றிவர இருக்கும் தங்கப் பட்டைகளிலிருந்து வெளியே உள்ள பதினாறு பின்களுக்கு, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான அலுமினியக் கம்பியை மைக்ராஸ்கோப்பில் பார்த்து ஒட்ட வேண்டும். அதற்கு மெஷின் இருக்கிறது. நான் ஒட்டினால் அந்த மெஷின் பட்டையைத் துளைக்கும், கம்பியை அறுக்கும், சில சமயம் இரண்டையும் செய்யும். அண்ணன் ஒட்டினால் பூத்தொடுத்தது போல இருக்கும். ஒட்டுகிற நாளில் டீ குடிக்க மாட்டார், பேச மாட்டார், மூச்சைக்கூட சிக்கனமாகத்தான் விடுவார்.

அந்த வேலையில் அவருக்கு இரண்டு கொள்கைகள். முதலாவது, எந்தப் பின்னையும் அந்தரத்தில் தொங்கவிடக் கூடாது. "சும்மா வுட்ட பின்னு ஆன்ட்டெனா மாதிரி. ஊர்ல கீற கரண்டெல்லாம் அது வழியா பூந்துரும். எங்கனா ஒரு எடத்துல கட்டிப் போடணும்" என்பார்.

இரண்டாவதுதான் வேடிக்கை. பட்டைகளுக்கு எண் போட மாட்டார். சிப்பைத் திருப்பிப் பிடித்தால் ஒன்று ஒன்பதாகிவிடுகிறது, எண்ணை நம்ப முடியாது என்பது அவர் கட்சி. ஆகவே பட்டைகளுக்கெல்லாம் தான் தினமும் வரும் வழியிலுள்ள பஸ் ஸ்டாப்புகளின் பெயர். கம்பியின் இடது முனைக்குப் போகும் பட்டை பொம்மனஹள்ளி. நடுவில் மடிவாளா, அடுகோடி, வில்சன் கார்டன், ரிச்மண்ட் சர்க்கிள் என்று வரிசையாக மற்ற பட்டைகள். வலது முனை சிவாஜிநகர். வலது முனைக்கு மட்டும் இரண்டு பட்டைகள் உண்டு என்பதால் அவை சிவாஜிநகர் முன்வாசல், சிவாஜிநகர் பின்வாசல்.

"பஸ்ஸு ரூட்ட எப்டி திருப்பிப் புடிச்சாலும் மடிவாளாவுக்குப் பக்கத்துல அடுகோடிதாம்மா வரும்."

ஒவ்வொரு சிப்பையும் ஒட்டி முடித்ததும், எந்த ஸ்டாப்பை எந்தப் பின்னோடு கட்டியிருக்கிறார் என்று ஒரு ரோஸ் நிறச் சீட்டில் தமிழில் எழுதி டப்பாவுக்குள் வைத்துவிடுவார். எங்கள் குழுவில் ஒருவர் வங்காளி, இருவர் தெலுங்கர். எங்கள் பேராசிரியர் மூன்று தலைமுறையாக மல்லேஸ்வரத்துத் தமிழர். தாத்தா சமஸ்தானத்து உத்தியோகஸ்தர். தமிழ் சரளமாகப் பேசுவார், ஓர் எழுத்து படிக்க வராது. சீட்டைப் படிக்கத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான், அண்ணனும் நானும். அந்த இருவரில் ஒருத்தியான நான் அதைப் படிப்பதே இல்லை என்பதுதான் இந்தக் கதை.

எனக்கு அப்போது தலைக்கனம் கொஞ்சம் கூடுதல். நான் அதைத் தன்னம்பிக்கை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என் கம்ப்யூட்டரில் எண் போட்ட அழகான அட்டவணை இருந்தது. அண்ணன் எப்போதும் ஒரே மாதிரிதான் ஒட்டுவார் என்பதால், பழைய சிப்பின் கோப்பையே நகலெடுத்து, தலைப்பில் உள்ள எண்ணை மட்டும் மாற்றுவேன். பஸ் ரூட்டைப் பார்த்து யாராவது இயற்பியல் செய்வார்களா?

செத்துப்போன சிப்புகளை அவர் தூக்கிப் போட மாட்டார். ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் மேலும் மரணக் காரணம் எழுதி ஒட்டியிருப்பார். '4 – போன் சார்ஜர்.' '7 – தும்மல்.' '9 – டைரக்டர்.' '11 – தருமபுரி மேடம், ஸ்வெட்டர்.' யார் வந்து கேட்டாலும் டப்பாவைத் திறந்து காட்டுவார். என் பெயரை மட்டுமாவது அழித்துவிடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். "நடந்தத எப்டிம்மா அழிக்கறது?" என்று கேட்டுவிட்டார்.

பதினாறு சிப்புகள் இப்படி டப்பாவுக்குள் போயின. முனைவர் பட்ட ஆய்வில் எனக்கு ஆறாவது வருஷம் முடியப்போகிறது. ஏற்கெனவே இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. மார்ச்சுக்குள் ஏதாவது ஒரு முடிவு வரவில்லை என்றால் பட்டமில்லாமல் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று அலுவலகத்திலிருந்து கடிதமும் வந்துவிட்டது. அம்மா போனில், "படிப்பு முடிஞ்சிதான்னு எதுத்த வீட்ல கேக்கறாங்க" என்பதை கேள்வியாகச் சொல்வதை விட்டு, செய்தியாகச் சொல்லத் தொடங்கியிருந்தாள்.

அப்போதுதான் பதினேழு.

அண்ணன் அதை ஒட்டிக் கொடுத்த அன்று ரொம்ப அவசரத்தில் இருந்தார். ஆம்பூரில் மச்சினர் வீட்டுக் கிரகப்பிரவேசம். பத்து நாள் விடுப்பு. கிரகப்பிரவேசம் ஒரு நாள், அந்த வீட்டுக்கு எர்த் குழி தோண்ட ஒன்பது நாள்.

"சீட்ட ஒரு தபா பாத்துட்டு வேலைய ஆரம்பிம்மா."

"சரிண்ணா, சரிண்ணா" என்றேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று அவர் ஓடினார். நான் பதினாறாம் சிப்பின் கோப்பை நகலெடுத்துப் பதினேழு என்று பெயர் மாற்றினேன்.

ஃப்ரிட்ஜ் குளிர இரண்டு நாள். மூன்றாம் நாள் மத்தியானம் வலது முனையை அளந்தேன். நட்டநடுவில் கூம்பு. இடது முனைக்கு மாற்றினேன். அதே இடத்தில் அதே கூம்பு! நாற்காலியில் உட்கார முடியவில்லை. வராந்தாவில் இரண்டு நடை நடந்துவிட்டு வந்து மறுபடி அளந்தேன். அப்படியே இருந்தது. உயரம் ஒன்று, அகலம் ஒன்று, ஓரத்தில் ஒரு குட்டிப் பிசிறு, அதுவும் இரண்டிலும் ஒன்று. இரட்டைப் பிள்ளைகளுக்குக்கூட மச்சம் இடம் மாறியிருக்கும். அது எனக்குத் தோன்றவில்லை.

இடது முனையைக் கட்டுப்படுத்தும் மின்னழுத்தத்தைக் கூட்டினேன், குறைத்தேன். இடது பக்கத்துக் கூம்பு கொஞ்சமும் அசையவில்லை. இந்தத் துறையில் கூம்பு அசையாமல் நின்றால் கொண்டாட வேண்டும். என்ன உறுதி, என்ன உறுதி என்று எனக்கு மெய்சிலிர்த்தது. இடது பக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாவிட்டாலும் அசையாதுதானே என்று யோசிக்க வேண்டிய மூளை அன்று விடுப்பில் இருந்தது.

பேராசிரியர் படத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பெரிய மனிதர், நிதானமானவர், எதற்கும் 'லெட் அஸ் பி கேர்ஃபுல்' என்பவர். "லெட் அஸ் பி கேர்ஃபுல்" என்று சொல்லிக்கொண்டே டெல்லிக்கு போன் போட்டார். அடுத்த வாரம் வியாழக்கிழமை ஒரு உயர்மட்டக் குழு நேரில் வந்து பார்ப்பதாக ஏற்பாடாயிற்று. பூங்கொத்துக்குச் சொல்லியாயிற்று. நான் அதற்கு இரண்டு நாள் முன்பு, செவ்வாய்க்கிழமையே, மைசூர்பாகு வாங்கிவந்து மாடி மாடியாகக் கொடுத்தேன். என்னை மதிக்காத கேன்டீன்காரருக்கு இரண்டு துண்டாகக் கொடுத்தேன்.

அன்று மத்தியானம்தான் அண்ணன் ஆம்பூரிலிருந்து திரும்பியிருந்தார். நேராகக் குழிக்குப் போய்த் தண்ணீர் ஊற்றிவிட்டு, போல்ட்டைத் தொட்டுவிட்டு உள்ளே வந்தார். மைசூர்பாகு டப்பாவை நீட்டினேன்.

"இன்னா விசேஷம்?"

"ரெண்டு முனையிலயும் கூம்பு வந்துடுச்சிண்ணா! ரெண்டும் ஒரே மாதிரி!"

"அட! எந்த சிப்புல?"

"பதினேழு."

மைசூர்பாகு வாய்வரை போனது. அங்கேயே நின்றது. பிறகு அதை மெதுவாகக் கீழே இறக்கி, பக்கத்திலிருந்த ஒரு தாளின் மேல் வைத்தார்.

"அதுல பொம்மனஹள்ளி ஸ்டாப்பே இல்லையேம்மா."

சிப்பின் டப்பாவைத் திறந்தோம். ரோஸ் சீட்டு மடிப்புக் கலையாமல் இருந்தது. சிவப்பு மையில், அடியில் இரண்டு கோடு அடித்து எழுதியிருந்தார்: 'பொம்மனஹள்ளி பட்டை உரிஞ்சி போச்சு. ஸ்டாப் இல்லை. அந்தப் பின்னை சும்மா விடாமல் சிவாஜிநகர் பின்வாசலில் கட்டியிருக்கேன். இடது பக்கம் அளக்க முடியாது.'

எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி இருந்துபார்க்கலாமா என்றும் தோன்றியது. அவரே சொல்லிவிட்டார்.

"ஒரு தபா முன்வாசல்ல நின்னு பாத்துகீற. இன்னொரு தபா பின்வாசல்ல நின்னு பாத்துகீற. ரெண்டு தபாவும் அதே பஸ்ஸுதாம்மா நின்னுகினு இருந்திச்சி."

இரண்டு பின்களுக்கும் நடுவில் மீட்டர் வைத்துப் பார்த்தோம். இரண்டும் ஒன்றோடொன்று நேராக ஒட்டியிருந்தன. இடது முனையை இந்தப் பூமியில் யாரும் அளக்கவே இல்லை. நான் வலது முனையை இரண்டு முறை அளந்துவிட்டு ஊருக்கெல்லாம் இனிப்பு கொடுத்திருக்கிறேன்.

அண்ணன் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியாவது இருப்பேன். அவர் சீட்டை மடித்து என் கையில் கொடுத்தார். "உங்கிட்டயே இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

கேன்டீனில் போய் உட்கார்ந்தேன். நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். அந்த அரைமணி நேரத்தில் நான் நல்லவளாக இல்லை. பேராசிரியருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. டெல்லிக்காரர்களுக்குப் பொம்மனஹள்ளி எந்தத் திசை என்றே தெரியாது. சாட்சி என்று உலகத்தில் இருப்பது என் கையிலுள்ள இந்த ஒரு சீட்டு. கிழித்து டீ கிளாசுக்குள் போட்டால் மை கரைந்துவிடும். மார்ச்சில் பட்டம் வரும், எதிர்த்த வீட்டுக்குச் செய்தி போகும். எவனாவது இதைத் திருப்பிச் செய்துபார்த்து வரவில்லை என்று சொல்வதற்குள் நான் எங்கேயோ இருப்பேன். சீட்டை இரண்டாக மடித்தேன், நான்காக மடித்தேன். கிழிக்க வரவில்லை. நேர்மை என்றெல்லாம் பெரிய வார்த்தை சொல்ல மாட்டேன். அதில் அவர் அடித்திருந்த அந்த இரண்டு சிவப்புக் கோடுகளைப் பார்த்தால் கை ஓடவில்லை. ஸ்கேல் வைத்து அடித்திருந்தார். ஆம்பூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடும் அவசரத்திலும் ஸ்கேல் எடுத்திருக்கிறார்.

பேராசிரியர் அறைக்குப் போனேன். வாசலில் எர்த் அண்ணனின் செருப்பு கிடந்தது. உள்ளே குரல்.

"தப்பு என்னுதுதான் சார். நான் இங்கிலீஷ்ல நம்பரு போட்டு எழுதியிருக்கணும். பஸ் ஸ்டாப்புன்னு எழுதிக் குடுத்தா படிச்ச புள்ளைங்களுக்கு எப்டி புரியும்? அந்தப் பொண்ணு மேல ஒண்ணும் இல்ல சார்."

"வெயிட், வெயிட். பொம்மனஹள்ளிக்கு என்ன ஆச்சுங்கற? பஸ் வரலையா?"

"பொம்மனஹள்ளி உரிஞ்சிபோச்சி சார்."

"ஊரே உரிஞ்சு போச்சா? மெட்ரோ வேலையிலயா?"

சிரிப்பு வர வேண்டிய இடம். எனக்கு அழுகை வந்தது. நடந்ததை அழிக்கக் கூடாது என்று டப்பா பூராவும் எழுதி ஒட்டிவைத்திருக்கிற மனிதர், எனக்காக இப்போது நடந்ததை மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். உள்ளே போனேன்.

"சார், சீட்டு தெளிவா இருந்தது. இடது பக்கம் அளக்க முடியாதுன்னு எழுதியே குடுத்திருந்தாரு. நான்தான் படிக்கல. பழைய ஃபைலைக் காப்பி பண்ணிட்டேன்."

சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று.  பேராசிரியர் கேட்டார்.

"ஸ்வீட் எத்தனை பேருக்குக் குடுத்தே?"

"எல்லாருக்கும் சார்."

"கேன்டீனுக்குமா?"

"அவருக்கு ரெண்டு."

"அய்யோ ராமா" என்று நாற்காலியில் சாய்ந்தார். 

குழுவை வரவேண்டாம் என்று சொல்ல மறுநாள் பேராசிரியர் போன் போட்டார், அதற்குள் விமானம் ஏறிவிட்டார்கள். வியாழக்கிழமை பூங்கொத்தும் வந்தது. பேராசிரியர் எழுந்து நின்று, நாங்கள் கண்டது இதுவல்ல, இன்ன தவறு செய்தோம் என்று படம் போட்டு விளக்கினார். என் பெயரைச் சொல்லவில்லை. நானே எழுந்து சொன்னேன். குழுத் தலைவர் ஒரு வயதான பெரியவர். அவர் சிரித்துவிட்டு, எத்தனையோ இடம் போயிருக்கிறேன், நாங்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே தவறைச் சொன்னவர்கள் நீங்கள்தான் என்றார். எனக்கு ஆறு மாதம் நீட்டிப்பு தரச் சொல்லி அங்கேயே எழுதினார். அந்தச் சீட்டை எழுதிய ஆளைப் பார்க்க வேண்டும் என்று எழுந்து வந்தார். நைலான் ஜாக்கெட் போட்டிருந்தார். நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. ஜாக்கெட் வெளிய, டெல்லி உள்ள.

இரண்டு வாரம் கழித்துப் பதினெட்டாம் சிப் தயாரானது. அண்ணன் வழக்கம் போல டீ குடிக்காமல் ஒட்டி முடித்து டப்பாவை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். முதல் வேலையாகச் சீட்டை எடுத்துப் பிரித்தேன். ரோஸ் சீட்டு இல்லை. வெள்ளைத் தாள். அதில் ஒன்றிலிருந்து பதினாறு வரை எண்கள், எதிரே ஆங்கிலத்தில் லெஃப்ட், ரைட் என்று ஒவ்வோர் எழுத்தாகக் கோணல்மாணலாக எழுதியிருந்தார். பல இடங்களில் அடித்துத் திருத்தியிருந்தார். யாரிடமோ கேட்டுப் பார்த்து எழுதியிருக்க வேண்டும்.

 தாளை எடுத்துக்கொண்டு போனேன். போல்ட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைந்தேன். அன்றைக்கும் தொடாமல் உள்ளே விட்டிருக்க மாட்டார்.

"இன்னாமா? தப்பா கீதா?" பதறிப்போய் எழுந்தார்.

"இதுல பொம்மனஹள்ளி எங்கண்ணா?"

"மூணாவது நம்பரு."

"மூணாவது நம்பர்ல எந்த பஸ்ஸும் நிக்காதுண்ணா. பழையபடி எழுதிக் குடுங்க."

 அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து ரோஸ் சீட்டையும் ஸ்கேலையும் எடுத்தார். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பொம்மனஹள்ளியிலிருந்து சிவாஜிநகர் பின்வாசல் வரை அவர் எழுத எழுதச் சத்தமாகப் படித்தேன்.

பதினெட்டில் வலது முனையில் கூம்பு இருந்தது, இடது முனையில் இல்லை. அது அழுக்குதான். 'இல்லை' என்பதை இருநூறு பக்கத்துக்கு எழுதிப் பட்டம் வாங்கினேன். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் பட்டைகளின் பட்டியல் ஸ்டாப் பெயர்களோடுதான் அச்சாகியிருக்கிறது. வெளிநாட்டுத் தேர்வாளர் ஒருவர், மடிவாளா என்பது என்ன அலகு என்று கேட்டு எழுதியிருந்தார். பதினேழாம் சிப்பையும் அண்ணன் டப்பாவில் சேர்த்திருந்தார். மேலே '17 – பட்டை' என்று மட்டும் போட்டிருந்தார். நான் பேனாவை எடுத்துப் பக்கத்தில் 'தருமபுரி மேடம்' என்று சேர்த்து எழுதினேன். அவர் பார்த்துவிட்டு டப்பாவை மூடினார்.

நான் அங்கிருந்து வந்து நாளாகிவிட்டது. இப்போது எலெக்ட்ரானிக் சிட்டியில் ஓர் அலுவலகத்தில் வேலை. பட்டச் சான்றிதழ் தருமபுரி வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது, அம்மா துடைக்கிறாள். நான்காக மடித்த அந்த ரோஸ் சீட்டு என் கைப்பையில் இருக்கிறது. உலகத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இன்றைக்கும் இரண்டே பேர்தான். அதில் ஒருத்தி நான்.